'கெட்' என்ற ஒரே சொல்லுக்கு ஏன் இத்தனை பொருள்?

கேள்வி சுருக்கமாக இதுதான்: 'கெட்' என்றால் 'பெறு' என்று பள்ளியில் படித்தோம், ஆனால் 'கெட் ஆங்ரி', 'கெட் அப்', 'கெட் மேரீட்', 'ஐ டோன்ட் கெட் இட்' எதிலும் யாரும் எதையும் பெறுவதாகத் தெரியவில்லையே, இத்தனை பொருளையும் எப்படி நினைவில் வைத்துக்கொள்வது?

நினைவில் வைக்க வேண்டாம் என்பதுதான் என் பதில். நல்ல ஆங்கில அகராதியில் இந்தச் சொல்லைத் தேடினால் பத்தி பத்தியாகப் பொருள் ஓடும். அது தேடிப் பார்ப்பதற்கான பட்டியல். அதை உட்கார்ந்து மனப்பாடம் செய்தால் பேசும்போது ஒன்றும் வாயில் வராது, ஏனென்றால் ஆங்கிலம் பேசுபவர்கள் தலையிலும் அப்படி ஒரு பட்டியல் கிடையாது. அவர்களுக்கு 'கெட்' என்பது ஒரே எண்ணம்: இதுவரை இல்லாத ஒன்றில் போய்ச் சேர்வது. போய்ச் சேரும் இடம் ஒரு பொருளாக இருக்கலாம், ஊராக இருக்கலாம், மனநிலையாகவும் இருக்கலாம். எதில் சேர்ந்தோம் என்பதை 'கெட்' சொல்வதே இல்லை, அடுத்து வரும் சொல்தான் சொல்கிறது. அதனால் கண் எப்போதும் அடுத்த சொல்லில் இருக்க வேண்டும்.

மூன்று வாக்கியங்களைப் பாருங்கள். 'ஷி காட் எ லெட்டர்' என்றால் அவளுக்குக் கடிதம் வந்தது. 'ஷி காட் டயர்ட்' என்றால் களைத்துப்போனாள். 'ஷி காட் ஹோம்' என்றால் வீடு வந்து சேர்ந்தாள். தமிழில் மூன்று வினைச்சொற்கள் தேவைப்படுகிற இடத்தில் ஆங்கிலத்துக்கு ஒன்றே போதும். பின்னால் பெயர்ச்சொல் வந்தால் கையில் கிடைத்தது, தன்மையைச் சொல்லும் சொல் வந்தால் அப்படி ஆகிவிட்டது, இடம் வந்தால் அங்கே போய்ச் சேர்ந்தது. (இடத்தோடு வரும்போது வழக்கமாக நடுவில் 'டு' வேண்டும், 'ஹோம்', 'ஹியர்', 'தேர்' மூன்றுக்கும் முன்னால் வேண்டாம். 'கெட் டு ஹோம்' என்று எழுதுகிறவர்கள் நிறையப் பேர்.)

இதில் முதலில் பிடித்துக்கொள்ள வேண்டியது 'பி' ('இஸ்', 'ஆர்', 'வாஸ்' எல்லாம் இதன் வடிவங்கள்), 'கெட்' இரண்டுக்கும் உள்ள உறவு. அது நம்முடைய 'இரு', 'ஆகு' உறவேதான். 'ஐ வாஸ் சிக்' என்றால் உடம்பு சரியில்லாமல் இருந்தேன், 'ஐ காட் சிக்' என்றால் நன்றாக இருந்தவனுக்கு உடம்பு சரியில்லாமல் போனது. 'ஆர் யூ மேரீட்?' என்று கேட்டால் உங்களுக்குத் திருமணம் ஆகிவிட்டதா என்று கேட்கிறார், 'ஆர் யூ கெட்டிங் மேரீட்?' என்று கேட்டால் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறீர்களா என்று கேட்கிறார். இரண்டுக்கும் ஒரே பதிலைச் சொன்னால் குழப்பம்தான். 'இட் இஸ் டார்க்' இருட்டாக இருக்கிறது, 'இட் இஸ் கெட்டிங் டார்க்' இருட்டிக்கொண்டு வருகிறது. இந்த ஜோடி மனதில் பதிந்துவிட்டால் 'கெட்'டின் பாதி வேலை முடிந்தது.

'இட்' என்ற, எதையும் குறிப்பாகச் சுட்டாத எழுவாயோடு இது அடிக்கடி வரும் என்பதையும் கவனியுங்கள். நேரம் ஆகிறது, குளிர ஆரம்பித்துவிட்டது, கஷ்டமாகிக்கொண்டே போகிறது என்று நாம் சொல்கிற எல்லாவற்றுக்கும் 'இட்ஸ் கெட்டிங்' என்று தொடங்கி ஒரு சொல்லைச் சேர்த்தால் போதும்.

இன்னொரு தமிழ்ச் சொல்லும் இங்கே கைகொடுக்கும்: 'படு'. கோபப்படு, பயப்படு, அடிபடு, அகப்படு என்று நாம் எத்தனை சொல்லோடு அதை ஒட்டுகிறோம்! அதில் பெரும்பாலானவை ஆங்கிலத்தில் 'கெட்' போட்டுத்தான் வருகின்றன: 'கெட் ஆங்ரி', 'கெட் ஸ்கேர்ட்', 'கெட் ஹர்ட்', 'கெட் காட்'. கடைசியில் வரும் 'காட்' பிடிபட்டதைக் குறிக்கும் வேறு சொல், 'கெட்'டின் இறந்தகாலம் அல்ல, எழுத்திலும் ஒலியிலும் வேறு, தமிழில் எழுதும்போதுதான் ஒன்றாகிவிடுகிறது.

இந்த அடிபடுதல், அகப்படுதல் வகைதான் இலக்கணப் புத்தகங்கள் பேசும் 'கெட்' செயப்பாட்டுவினை. செயப்பாட்டுவினை என்றதும் 'வாஸ்', 'வேர்' போட்டு எழுதத்தான் நமக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். 'த விண்டோ வாஸ் புரோக்கன்' என்று எழுதினால் அதில் ஒரு மயக்கம் இருக்கிறது. ஜன்னல் உடைந்திருந்தது என்றும் படிக்கலாம், ஜன்னல் உடைக்கப்பட்டது என்றும் படிக்கலாம். ஒன்று நிலை, மற்றது நிகழ்ச்சி. 'த விண்டோ காட் புரோக்கன்' என்றால் அந்த மயக்கமே கிடையாது, ஏதோ நடந்தது, உடைந்தது, அவ்வளவுதான். அதனால்தான் நிகழ்ச்சியைச் சொல்லும் பேச்சில் 'காட்' இவ்வளவு அதிகமாக வருகிறது. அதிலும் எதிர்பாராதது, பாதிப்பது, அல்லது ஆசைப்பட்டுக் காத்திருந்தது என்றால் இன்னும் பொருத்தம்: வேலை போனது, திருட்டுப்போனது, கைதானான், தேர்வானாள், பதவி உயர்ந்தது. மாறாக ஒன்றுமே நிகழாத வினைகளோடு இது ஒட்டாது. ஒருவரை எல்லோரும் நம்பினார்கள் என்பதற்கு 'ஹி வாஸ் பிலீவ்ட்' சரி, 'ஹி காட் பிலீவ்ட்' என்று யாரும் சொல்வதில்லை. ஒரு முழு நிகழ்ச்சி வேண்டும், அப்போதுதான் 'கெட்' உள்ளே வரும்.

சரி, இப்போது நம்மில் பலர் சறுக்குகிற இடத்துக்கு வருவோம், பிறரைக்கொண்டு செய்விப்பது.

'முடி வெட்டிக்கொண்டேன்' என்று தமிழில் சொன்னால் முடிதிருத்துபவர்தான் வெட்டினார் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. அந்தக் 'கொள்' எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறது. ஆங்கிலத்தில் 'ஐ கட் மை ஹேர்' என்றால் நீங்களே கத்தரிக்கோலை எடுத்துக் கண்ணாடி முன் நின்றதாகத்தான் பலரும் புரிந்துகொள்வார்கள். 'ஐ காட் மை ஹேர் கட்' என்றால்தான் நாம் சொல்ல வந்தது. அமைப்பைப் பாருங்கள்: 'கெட்', அப்புறம் பொருள், அப்புறம் முடிந்த வினை. என் முடியை 'வெட்டப்பட்டது' என்ற நிலைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தேன் என்று பிரித்துப் பார்த்தால் பழைய எண்ணமேதான் மறுபடியும் வருகிறது. வண்டியைப் பழுதுபார்க்கக் கொடுத்தது, பல்லைப் பிடுங்கிக்கொண்டது, வீட்டுக்கு வெள்ளையடித்தது எல்லாமே இந்த அச்சில்தான்.

ஆளை வைத்துச் சொன்னால் இன்னொரு அமைப்பு வரும். ஒருவரைக் கையெழுத்துப் போட வைத்தேன் என்பதற்கு ஆங்கிலத்தில் மூன்று வழி உண்டு. 'ஐ மேட் ஹிம் சைன்' என்றால் அவருக்கு விருப்பமில்லை, விடவில்லை. 'ஐ ஹாட் ஹிம் சைன்' என்றால் போடச் சொன்னேன், போட்டார், அது அவர் செய்ய வேண்டிய வேலைதான். 'ஐ காட் ஹிம் டு சைன்' என்றால் பேசிப் பார்த்து, காத்திருந்து, எப்படியோ சம்மதிக்க வைத்தேன். கடைசியில் மட்டும் நடுவில் 'டு' வருவதைப் பாருங்கள். மற்ற இரண்டிலும் வராது. ஆளை ஒரு புள்ளியிலிருந்து கையெழுத்து என்ற இன்னொரு புள்ளி வரைக்கும் கூட்டிக்கொண்டு போகிறோம், திசையைக் காட்ட 'டு' வேண்டியிருக்கிறது என்று நான் புரிந்துகொண்டிருக்கிறேன், அப்படி வைத்துக்கொண்டால் அந்த 'டு'வை மறக்கவே முடியாது. 'ஐ காட் ஹிம் சைன்' என்று எழுதினால் அது பிழை.

'ஐ டோன்ட் கெட் இட்' பற்றிக் கேட்டிருந்தீர்கள். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது, கொஞ்சம் வரலாறு சொல்ல வேண்டும்.

'கெட்' ஆங்கிலத்தில் தனிச் சொல்லாகப் பிறந்தது அல்ல. பழைய ஆங்கிலத்தில் அதன் உறவுக்காரச் சொல் முன்னொட்டோடு சேர்ந்துதான் பெரும்பாலும் இருந்தது. 'ஃபர்கெட்', 'பிகெட்' இரண்டும் அந்தக் குடும்பம். அந்த நாளில் இவற்றின் நடுவில் இருந்தது 'க' ஒலி அல்ல, 'ய' ஒலி. 8ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து இங்கிலாந்தைத் தாக்கி, 9ஆம் நூற்றாண்டில் அதன் வடக்கிலும் கிழக்கிலும் குடியேறிய ஸ்காண்டிநேவியர்கள் தங்கள் 'கெட்டா' என்ற வினையைக் கொண்டுவந்தார்கள். அக்கம்பக்கத்தில் சேர்ந்து வாழ்ந்ததால் சண்டைச் சொற்கள் மட்டும் வரவில்லை, 'ஸ்கை', 'எக்', 'விண்டோ', ஏன், 'தே' என்ற சுட்டுப்பெயர்கூட அவர்களிடமிருந்து வந்ததுதான். 1200 வாக்கில் 'கெட்' எழுத்தில் தலைகாட்டுகிறது. அந்த வன்மையான 'க' ஒலி அவர்கள் விட்டுப்போன அடையாளம். 

இன்னும் பின்னால் போனால் இதன் வேர் 'பிடி' என்ற பொருளில் நிற்கிறது. அதே வேரிலிருந்து லத்தீனில் கிளைத்த வினை பின்னால் ஆங்கிலத்துக்கு வந்து 'காம்ப்ரிஹெண்ட்' ஆகவும் 'அப்ரிஹெண்ட்' ஆகவும் நிற்கிறது. முதலாவது புரிந்துகொள்வது, இரண்டாவது குற்றவாளியைப் பிடிப்பது. அதாவது 'ஐ கெட் இட்' என்று பேச்சில் சொல்வதும் 'ஐ காம்ப்ரிஹெண்ட்' என்று புத்தகத்தில் எழுதுவதும் தூரத்து உறவு. தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் இதில் உறவே கிடையாது, ஆனாலும் நாம் என்ன சொல்கிறோம்? திருடன் பிடிபட்டான் என்கிறோம், கணக்கு பிடிபடவில்லை என்றும் சொல்கிறோம். கையால் பிடிப்பதும் மனதால் பிடிப்பதும் இரண்டு மொழியிலும் ஒரே சொல்லில் வந்து உட்கார்ந்திருக்கின்றன. 'ஐ டோன்ட் கெட் இட்' என்பதற்கு 'எனக்குப் பிடிபடவில்லை' என்பதைவிடப் பொருத்தமான தமிழ் எனக்குத் தெரியவில்லை.

'ஐ ஹாவ் காட்' பற்றியும் அடிக்கடி கேட்கிறார்கள். 'ஐ ஹாவ் எ கார்', 'ஐ ஹாவ் காட் எ கார்' இரண்டுக்கும் பொருள் ஒன்றே: என்னிடம் கார் இருக்கிறது. பெற்றுவிட்டேன் என்று தொடங்கிய சொல் 'அதனால் இப்போது என்னிடம் இருக்கிறது' என்று நகர்ந்துவிட்டது. நாம் 'கார் வைத்திருக்கிறேன்' என்கிறோமே, அதுவும் 'வை' என்ற வினை முடிந்து 'இரு' சேர்ந்து உடைமையைச் சொல்வதுதான், கிட்டத்தட்ட அதே நடை. இதில் அமெரிக்கர்கள் ஒரு வேறுபாட்டைக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். 'காட்டன்' என்ற பழைய வடிவம் பிரிட்டனில் பெரும்பாலும் மறைந்துபோனது, அமெரிக்காவில் நிலைத்தது. அமெரிக்கர் 'ஐ ஹாவ் காட் எ டிக்கெட்' என்றால் டிக்கெட் கையில் இருக்கிறது, 'ஐ ஹாவ் காட்டன் எ டிக்கெட்' என்றால் டிக்கெட் வாங்கிவிட்டேன். 'காட்டன்' தப்பு என்று சொல்கிறவர்கள் 'ஃபர்காட்டன்' என்று எந்தத் தயக்கமும் இல்லாமல் எழுதுவதைக் கவனித்திருக்கிறேன், இரண்டும் ஒரே வார்ப்பு.

இதோடு ஒட்டி ஒரு சின்ன எச்சரிக்கை. 'ஐ ஹாவ் காட் டு மீட் ஹெர்' என்றால் அவளைச் சந்தித்தே ஆக வேண்டும், கட்டாயம். 'ஐ காட் டு மீட் ஹெர்' என்றால் அவளைச் சந்திக்கும் வாய்ப்புக் கிடைத்தது, சந்தோஷம். ஒரே ஒரு 'ஹாவ்' தலைகீழாக்குகிறது. பேச்சில் அந்த 'ஹாவ்' விழுங்கப்பட்டுவிடுவதால் கேட்கிறவர் சூழலைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

அப்புறம் 'கெட் அப்', 'கெட் ஓவர்' கூட்டம். இங்கேதான் பலர் பட்டியல் போட உட்கார்வார்கள். தயவுசெய்து வேண்டாம். பின்னால் ஒட்டும் சின்னச் சொல் வழியைக் காட்டுகிறது, 'கெட்' அந்த வழியே போய்ச் சேர்வதைச் சொல்கிறது. 'ஓவர்' என்றால் மேலே ஏறி அந்தப் பக்கம் போவது, அதனால் 'கெட் ஓவர்' என்றால் நோயையோ துக்கத்தையோ கடந்து வருவது. 'த்ரூ' என்றால் ஊடாகப் போவது, அதனால் 'கெட் த்ரூ' என்றால் பரீட்சையில் தேறுவதும் ஆகும், போன் லைன் கிடைப்பதும் ஆகும், ஒரு மோசமான வருடத்தைத் தாண்டுவதும் ஆகும். 'பை' என்றால் ஓரமாக நழுவிப் போவது, கையில் இருப்பதை வைத்து எப்படியோ காலத்தை ஓட்டுவது 'கெட் பை'. 'அக்ராஸ்' என்றால் குறுக்கே அந்தக் கரைக்கு, நம் கருத்தை எதிராளி மனதில் சேர்ப்பது 'கெட் அக்ராஸ்'. 'கெட் அவே வித்' மட்டும் கொஞ்சம் தனி: தப்பு செய்தான், தண்டனை இல்லாமல் தப்பித்தான், செய்ததன் பலனும் அவனோடு போனது. 'வாட் ஆர் யூ கெட்டிங் அட்?' என்று ஒருவர் கேட்டால் கோபத்தின் சாயல் இருக்கலாம், 'என்ன சொல்ல வருகிறீர்கள்?' என்று பொருள்.

பஸ்ஸில் ஏறுவது 'கெட் ஆன்', காரில் ஏறுவது 'கெட் இன்' ஏன் என்பதும் இதே கணக்குதான். உள்ளே எழுந்து நடமாட முடிகிற பஸ், ரயில், கப்பல், விமானத்துக்கு 'ஆன்'. குனிந்து நுழைந்து உட்கார மட்டுமே முடிகிற கார், டாக்ஸிக்கு 'இன்'. சைக்கிளும் குதிரையும் மேலே உட்காருவது என்பதால் 'ஆன்'.

இவ்வளவும் தெரிந்த பிறகும் தமிழ் பேசுகிற நமக்கு ஒரு தனிப்பட்ட சிக்கல் இருக்கிறது, அதை ஆங்கிலப் புத்தகம் எதுவும் சொல்லித்தராது, ஏனென்றால் அது நம் மொழியிலிருந்து வருவது. தமிழில் கிடைப்பது பொருள்தான். 'எனக்கு டிக்கெட் கிடைக்கவில்லை' என்ற வாக்கியத்தில் எழுவாய் டிக்கெட், நான் நான்காம் வேற்றுமையில் ஓரமாக நிற்கிறேன். ஆங்கிலத்தில் ஆள்தான் எழுவாய். இதைக் கவனிக்காமல் அப்படியே மாற்றுவதால்தான் 'டிக்கெட் இஸ் நாட் கெட்டிங்' என்ற வாக்கியம் பிறக்கிறது. வெளியார் காதுக்கு டிக்கெட் எதையோ பெற முயல்வது போலக் கேட்கும். 'ஐ குடின்ட் கெட் எ டிக்கெட்' என்று ஆளை முன்னால் கொண்டுவாருங்கள். 'எனக்கு' என்று மனதில் தமிழ் வாக்கியம் தொடங்கினால் ஆங்கிலத்தில் 'ஐ' என்று தொடங்க வேண்டியிருக்குமா என்று ஒரு கணம் யோசித்தால் போதும், பாதித் தவறுகள் அங்கேயே நின்றுவிடும். 'எனக்குச் சந்தேகம் வருகிறது' என்பதை 'ஐ ஆம் கெட்டிங் எ டவுட்' என்று சொல்வதும் இதே வழியில் வந்ததுதான். நமக்குள் புரியும், வெளியாரிடம் 'ஐ ஹாவ் எ கொஸ்டின்' என்பதே நல்லது.

எழுத்தில் 'கெட்' வரவே கூடாது என்று ஆசிரியர்கள் சொல்வது பாதி நியாயம். 1066இல் நார்மானியர்கள் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பின் பிரெஞ்சு வழியாக வந்த 'ரிசீவ்', 'அப்டெயின்', 'அக்வயர்', 'அரைவ்' போன்றவை ஆட்சி, சட்டம், படிப்பு பக்கம் போய் அமர்ந்துகொண்டன, 'கெட்' வீட்டுப் பேச்சில் தங்கிவிட்டது. அந்தப் பிரிவு இன்றும் இருக்கிறது, ஆகவே ஆய்வுக் கட்டுரையிலோ அலுவலகக் கடிதத்திலோ அவற்றில் பொருத்தமானதைத் தேடிப் போடுவது சரிதான். ஆனால் நண்பருக்கு எழுதும்போது 'ஐ ரிசீவ்ட் யுவர் மெசேஜ்' என்றால் ஏதோ புகார்ப் பிரிவிலிருந்து வந்தது போல இருக்கும். தவிர, அந்தச் சொற்கள் ஒவ்வொன்றும் 'கெட்'டின் ஒரு துண்டைத்தான் எடுத்துக்கொள்ளும். 'கெட் மேரீட்', 'கெட் லாஸ்ட்', 'கெட் ரெடி' இவற்றுக்கு மாற்றாக எதைப் போட்டாலும் செயற்கையாகத்தான் வரும்.

பெயர்ச்சொல்லாகவும் இதற்கு ஒரு வாழ்வு உண்டு. விலங்கு வளர்ப்பவர்கள் ஒரு குதிரையின் வாரிசுகளை அதன் 'கெட்' என்பார்கள். அந்தப் பெயர்ச்சொல் வசையாக மாறி பிரிட்டிஷ் பேச்சில் 'கிட்' ஆனது, உதவாக்கரை ஆளைத் திட்டும் சொல். 2005இல் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ், நிரலில் செய்யும் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் தன் மென்பொருளுக்கு அந்தப் பெயரைத்தான் வைத்தார். இணையமும் இந்தச் சொல்லைத்தான் நம்பி ஓடுகிறது: 1991இல் வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ வடிவமைத்த எச்டிடிபியின் (உலாவி வலைப்பக்கங்களைக் கேட்டு வாங்கும் முறை) முதல் பதிப்பில் இருந்த ஒரே கட்டளை 'கெட்'. இன்றும் உலாவியில் ஒரு முகவரியைத் தட்டினால் முதலில் கிளம்புவது பெரும்பாலும் அதுவே.

தமிழுக்குள்ளும் ஒன்று வந்து வீட்டுச் சொல் ஆகிவிட்டது. நடிகர் புது கெட்டப்பில் வருகிறார் என்கிறோமே, அது 'கெட்-அப்' என்ற பெயர்ச்சொல், உடையும் வேஷமும். வினையாக வந்தால் எழுந்திருப்பது, பெயராக வந்தால் ஒப்பனை. ஒலியில் வேறுபாடு காட்ட ஆங்கிலத்தில் பெயர்ச்சொல்லின் முதல் அசையை அழுத்துவார்கள், வினையில் 'அப்' மீது அழுத்தம் விழும். 'கெட்-டுகெதர்', 'கெட்-அவே' போன்றவற்றிலும் பெயர்ச்சொல் என்றால் அழுத்தம் 'கெட்' மீதுதான், பேசும்போது அதைக் கவனித்துச் சொல்லிப் பாருங்கள்.